மதிப்பீடு

பீடம் ஒன்பதடி.
ஆள் ஐந்தே முக்கால்.
நாடாவை மேலே பிடித்திருந்த பையன் கத்தினான்:
"தலப்பாவோட சேத்தாக்கா, விட்டுட்டாக்கா?"
சேர்த்து என்றேன்.
அரசாங்கக் கணக்கில் தலைப்பாகையும் ஆள்தான்.

செவ்வூரணி முக்கு.
காரைக்குடிச் சாலை நாலு மீட்டர் அகலமாகிறது.
குறுக்கே நிற்பவை:
இரண்டு புளியமரம், ஒரு டீக்கடைக் கூரை,
வயி. சா. சேவுகன் செட்டியார்.

மரத்துக்கு யாரும் மனுக் கொடுக்கவில்லை.
டீக்கடைக்காரர் தானே பிரித்துக்கொண்டார்.
செட்டியாருக்கு முப்பத்தேழு மனு.
இருக்கட்டும் என்று இருபத்தொன்று,
போகட்டும் என்று பதினைந்து,
போன வருஷம் வெள்ளிப் பெயிண்ட் அடித்த பாக்கியை
யார் தருவது என்று ஒன்று.

பேரன் சாத்தப்பன் சென்னையிலிருந்து
நூற்றாண்டு மலரைக் கூரியரில் அனுப்பியிருந்தார்.
பதினான்காம் பக்கம்:
'ஐராவதிக் கழிமுகத்தில், நெல்விலை சரிந்த ஆண்டு,
நாலாயிரம் ஏக்கர் வயல்
ஐயா அவர்களின் கைக்கு வந்தது.'

வந்தது.

பதினெட்டு வருஷமாக நிலம் அளக்கிறேன்.
ஒரு குழி மண்கூட
எழுந்து நடந்து ஒருவர் கைக்கு வந்து
நான் பார்த்ததில்லை.

அந்த நெல்லில்தான் பெண்கள் பள்ளிக்கூடம்.
அங்கேதான் நான் ஆறிலிருந்து பத்து வரை.
நிழலை வைத்து உயரம் காண்பது எப்படி என்று
ராக்காயி டீச்சர் சொல்லித்தந்தது
இவர் நிழலில்தான், கையில் ஒரு மரஸ்கேலோடு.

இதைக் கருமலையான் அண்ணனிடம் சொன்னேன்.
"சோறு போட்டாங்கங்கிறதுக்காக
எச்சி இலையவும் கும்பிடணுமா?" என்றார்.
பிறகு, கொஞ்சம் தணிந்து,
"ஒங்கப்பா எந்தத் தண்ணி குடிச்சு வளந்தாரு, கேட்டியா?"

கேட்க வேண்டியதில்லை.
ஊரணி எங்கள் தெருவிலிருந்து கூப்பிடு தூரம்.
அப்பா தண்ணீர் சுமந்தது
இரண்டு மைல் தள்ளிக் கண்மாயிலிருந்து.
ஊரணியை வெட்டியவரும் அவரே,
கரையில் கல் நட்டவரும் அவரே.

சிலையின் வலக்கை முன்னே நீண்டிருக்கிறது,
உள்ளங்கை கீழ்நோக்கி.
கொடுக்கிற கை என்கின்றன இருபத்தொரு மனு.
தள்ளி நில் என்கிற கை என்கின்றன பதினைந்து.
செய்தவர் செத்துப்போனார்.
உள்ளே கம்பி துருப்பிடித்து
மணிக்கட்டில் செம்மஞ்சளாய்க் கசிகிறது,
இதை மட்டும் என்னால் உறுதியாக எழுத முடியும்.

பத்தாம் வகுப்புப் பரீட்சைக் காலையில்
செருப்பைக் கழற்றிவிட்டு
இந்தப் பீடத்தைத் தொட்டுக் கும்பிட்டேன்.
அது பொய்யில்லை.
அதே கோடை விடுமுறையில்
துவைதுறைக் கல்லுக்கு அடியில் கைவிட்டபோது
விரலுக்கு எழுத்துகள் தட்டுப்பட்டன.
'இறங்க.' பிறகு ஒரு பாசி. பிறகு 'கூடாது.'
சோப்பு வழுக்கியது. யாரிடமும் சொல்லவில்லை.

படிவத்தில் மூன்று கட்டம்:
இடம் மாற்றலாம், அகற்றலாம், உள்ளபடி விடலாம்.
முதல் கட்டத்தில் குறியிட்டேன்.
பள்ளி வாசல், தரைமட்டம், பீடம் வேண்டாம்.
அடியில் இடம் இருந்தது. எழுதினேன்:

கூடுதல் பணி.
துவைதுறையில் குப்புறக் கிடக்கும் கருங்கல்லைப் புரட்டி,
பாசி போகத் தேய்த்து,
எழுத்து தெரியும்படி சிலைக்கு எதிரே,
அந்தக் கை நீளும் இடத்தில் நடவும்.
ஆள் இருவர். கடப்பாரை ஒன்று. அரை நாள்.
ச. பொன்னழகி, பணிமேற்பார்வையாளர்.

கோப்பு சிவகங்கை போய்த் திரும்பி வந்திருக்கிறது.
சிவப்பு மையில் ஒரே வரி:
'இது எந்தத் தலைப்பின்கீழ் வரும்?'

பீடம் உடைத்து மூன்று நாளாயிற்று.
பள்ளிக்கூடத்துச் சைக்கிள் கொட்டகையில்
சாக்குப் போர்த்தி
மல்லாக்கப் படுத்திருக்கிறார் செட்டியார்.
கை மட்டும் வெளியே, மேலே நீட்டிக்கொண்டு,
வகுப்பில் சந்தேகம் கேட்கத் தூக்கியதுபோல.

புதுத் தாள் எடுக்கிறேன்.
ஆள் இருவர்.
கடப்பாரை ஒன்று.